காரணம் என்ற கோடு

ஸ்தோத்திரக் காணிக்கை உறையில்
மூன்று கோடுகள் அச்சிட்டிருக்கிறது.
பெயர். தொகை. காரணம்.
த. அருமைநாயகம் என்று எழுதிவிட்டேன்.
தொகை, இருபது ரூபாய். அதையும் எழுதியாயிற்று.
மூன்றாவது கோட்டில்
பேனா நின்றுகொண்டிருக்கிறது.

சனி இரவு. அயனாவரம்.
மாடித் தொட்டி நிரம்பி வழிகிறது,
மோட்டாரை அணைக்க யாரும் எழவில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷட்டர் இறங்கி
ஏழு மாதம்.
பத்தொன்பது வருஷம் லேத்தின் முன் நின்ற கால்
காலை ஏழேகாலுக்கு
இன்னும் தானாகவே செருப்பை மாட்டிக்கொள்கிறது.
அப்புறம் என்ன செய்வதென்று தெரியாமல்
கூடத்தில் நிற்கிறது.
கெசியா ஒருநாள் கேட்டாள்,
"அப்பா, பஸ்ஸுக்கா?"
"இல்லம்மா, சும்மா" என்றேன்.

வளையல் அடகுக் கடையில்.
ரசீதை அரிசி டிரம்மின் அடியில்
போட்டு வைத்தாள் பியூலா.
மாதக் கடைசியில் அரிசி இறங்க இறங்க
ரசீதின் மூலை வெளியே தெரியும்.
அவள் அதைப் பார்க்காதது மாதிரி
படி போட்டு அளப்பாள்.

வாடகை கேட்கப் படியேறி வந்த வேதாசலம்
மழையைப் பற்றிப் பேசிவிட்டு
இறங்கிப் போனார்.
மழை எங்கேயும் இல்லை அன்று.

ராத்திரி ஜெபத்தில் பியூலா
மளிகைக் கடைக்காரரிடம் கணக்கு ஒப்பிப்பது போல
ஆண்டவரிடம் ஒப்பிப்பாள்.
கரண்டு பில் ஆயிரத்து நூற்று நாற்பது, ஆண்டவரே.
கெசியாவுக்குப் பரீட்சைக் கட்டணம், ஆண்டவரே.
கேன் தண்ணிக்காரருக்கு மூன்று கேன் பாக்கி.
பையன் முழங்காலிலேயே தூங்கிப்போவான்.
எனக்கு வார்த்தை வராது.
கோபமா வெட்கமா, அதுவும் தெரியாது.
அவள் வாக்கியங்களின் கடைசியில்
ஓர் ஆமென் போடுவேன்.
ஏழு மாதமாக என் ஜெபம் அவ்வளவுதான்.

முன்பெல்லாம் இந்தக் கோட்டில்
யோசித்ததே இல்லை.
போனஸ், என்று எழுதியிருக்கிறேன்.
புது பைக்.
கெசியா நல்ல மார்க்.
ஐயர் ஆராதனையில் வாசிக்கும்போது
காலரைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருப்பேன்.

புதன்கிழமை வீட்டில் ஒரு முட்டை இருந்தது.
நாங்கள் நாலு பேர்.
ஏபநேசர், ஒன்பது வயது,
தையல் பெட்டியிலிருந்து வெள்ளை நூல் எடுத்தான்.
ஒரு முனையைப் பல்லில் கடித்து
மறுமுனையை இழுத்து
வேகவைத்த முட்டையை இரண்டாக்கினான்.
பிறகு குறுக்கே, நாலாக.
கத்தி என்றால் பிசிறுமாம்,
எங்கே கற்றானோ.
குனிந்து கண்ணைச் சுருக்கி
மைக்ரோமீட்டர் பிடிக்கிற ஆள் மாதிரி
நாலு துண்டையும் பார்த்தான்.
ஒன்றில் மட்டும் மஞ்சள் குறைவு.
யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து
அதைத் தன் தட்டில் வைத்துக்கொண்டான்.

பியூலா பார்த்துவிட்டாள்.
பியூலா பார்த்ததை நான் பார்த்தேன்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
உப்பை எடு, என்றேன்,
தொண்டை வேறு எதையோ சொல்ல வந்ததால்.

வாராவாரம் ஒரு டஜன் வாங்கிப்போட்ட காலத்தில்
யார் எதை எடுத்தார்கள், யார் விட்டுக்கொடுத்தார்கள்,
எனக்குத் தெரியாது.
ஓவர்டைமில் இருந்தேன்.

வேலை போனது நல்லதுக்கு என்று
நான் சொல்ல மாட்டேன்.
அப்படிச் சொல்கிறவர்களின் வீட்டில்
டிரம் நிறைய அரிசி இருக்கும்.
ஆனாலும் அந்தப் புதன்கிழமையை
எனக்குக் காட்டியது யார் என்று
மூன்று நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.
அந்தக் கேள்வியே, ஒருவேளை,
ஆமெனைவிடக் கொஞ்சம் நீளமான ஜெபமோ என்னவோ.

எழுதினேன்:
ஒரு முட்டைக்காக.

நாளைக்கு ஐயர் இதை வாசிக்கும்போது
ஒரு நொடி கண்ணாடியை ஏற்றிப் பார்ப்பார்.
பின்வரிசையில் யாராவது சிரிக்கலாம்.
சிரிக்கட்டும்.

பியூலா தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.
பேனாவை வாங்கினாள்.
கோட்டில் இடமில்லை, அதனால் கீழே,
பொடி எழுத்தில் சேர்த்தாள்:
நூலுக்கும்.

வீட்டில் கோந்து இல்லை.
சட்டியில் ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கை ஒன்றை
விரலால் நசுக்கி
உறையை ஒட்டினோம்.