மெல்லிய வாய்

மாபிள் எண்டு பேர் வைச்சது தங்கேஸ்.
ஒரு கண் நீலம், மற்றது மண்ணிறம்.
கரடியனாற்றுச் சந்தியில
வாழைக்குலை லொறிக்குக் கீழ கிடந்ததைச்
சாரத்துக்குள்ள சுத்திக் கொண்டுவந்தன்.
ஆறு கிழமைக் குட்டி.
அவள் கடிக்காத சாமான் வீட்டில இல்லை:
செருப்பு, கதிரைக்கால், கரண்ட் பில்.

விதைப்புக்குச் சிறகி விழுற காலம்.
இரவு முழுக்க வயலுக்குள்ள விசில் சத்தம்,
விடிஞ்சா விதைநெல் இல்லை.
புவிதரனிட்ட லைசன் துவக்கு இருக்கு.
குறியும் தப்பாது.
ஆனா சுட்டதில பாதி
ஆற்றுவாழைக்குள்ள விழும், முதலைக்குச் சாப்பாடு.
"இறங்கி எடுக்க ஒரு நாய் வேணும் மச்சான்,
கடிக்காமக் கொண்டாற நாய்."

பழைய காலுறைக்குள்ள
உமியும் தாராச் செட்டையும் திணிச்சு எறிஞ்சன்.
மாபிள் ஓடினாள், எடுத்தாள்,
கொண்டுபோய்க் கோழிக்கூட்டுக்குப் பின்னால புதைச்சாள்.
பதினொரு நாள் இப்பிடி.
பன்னிரண்டாம் நாள் நான் எதிர்ப்பக்கம் ஓடினன்.
பகிடி எண்டு நினைச்சுத்
துரத்தி வந்து காலடியில போட்டாள்.

மறுகா முட்டை.
வாய் இறுகக் கூடாதெண்டா முட்டைதான்.
முதலாவதைத் திண்டாள். இரண்டாவதையும்.
"இந்த விலையில நாய்க்கு முட்டையோ?"
தங்கேஸ் கேத்திலை இடிச்சு வைச்சாள்.
ஏழாவது முட்டை
முற்றத்தால நடந்து வந்தது,
எச்சில் வழிய, உடையாம,
உலகத்திலேயே பாரமான சாமான் மாதிரி.
"விடு" எண்டன்.
கையில விட்டாள். சூடாயிருந்தது.

வெடிச்சத்தத்துக்குப் பழக்க
சோறு வைக்கிற நேரம் பார்த்து
வேலிக்கு அங்கால சீனவெடி கொளுத்தினான் புவிதரன்.
அவள் தலையே தூக்கல்ல.
கோப்பையை நக்கிக்கொண்டே இருந்தாள்.
பக்கத்தில நான்தான்
முழங்காலில,
ரெண்டு கையும் தலைக்கு மேல.
புவிதரன் ஒண்டும் கேக்கல்ல.
அடுத்த நாள் ஒரு வெடி குறைச்சுக் கொளுத்தினான்.

கார்த்திகையில ஒரு விடியல், குளக்கட்டு.
"குந்து."
குந்தினாள். வால் மட்டும் குந்தல்ல.
வெடி.
ஒரு சிறகி காற்றில மடிஞ்சு
தாமரைக்கு அங்கால விழுந்தது.
"எடு!"

நேரா விழுந்த இடத்துக்கு நீந்தினாள்,
மணந்தாள்,
கிறுகினாள்.
பன்பத்தைக்குள்ள நுழைஞ்சு காணாமல் போய்த்
திரும்பி வரக்குள்ள
வாய் கொஞ்சம் திறந்திருந்தது.
முட்டை.
மண்ணிறப் புள்ளி போட்ட,
எந்தப் பறவையிட எண்டு தெரியாத,
ஒரு கீறல்கூட இல்லாத முட்டை.
நான் சொல்லாமலே கையில விட்டாள்.

புவிதரன் சிரிச்சுச் சிரிச்சுத்
துவக்கைக் கீழ வைச்சான்.
"நீ பழக்கினதைத்தானே மச்சான் செய்யுது."

சிறகி மிதந்து போய்க்கொண்டிருக்கு.
முட்டை கையில ஆறிக்கொண்டிருக்கு.
சாரத்தை மடிச்சுக் கட்டி இறங்கினன்.
இடுப்பு. நெஞ்சு. கழுத்து.
தாமரைத் தண்டு காலைச் சுத்துது,
விலக்க ரெண்டு கையும் வேணும்.
வேற வழியில்லை,
முட்டையை வாய்க்குள்ள வைச்சன்.

தாடை நோகுது. எச்சில் முட்டுது.
இருமல் வருது, இரும ஏலாது.
ஒவ்வொரு பல்லும்
தன்னைத் தானே பிடிச்சு வைக்குது.
இவ்வளவையுமா
அந்தக் குட்டியிட்டக் கேட்டனான்?
கோதுக்கு அங்கால ஏதோ
நாக்கில மெல்லத் துடிச்ச மாதிரி.
என்ட நாடியாகவும் இருக்கலாம்.

பன்னுக்குள்ள கூடு இருந்தது. இன்னும் நாலு.
"விடு" எண்டு சொல்ல அங்க ஆருமில்லை.
கொஞ்ச நேரம் அப்பிடியே நிண்டன்.

வாற வழியில சிறகி கைக்கு எட்டினது.
கட்டில மாபிள் குந்தியிருந்தாள்,
ஆரும் சொல்லாம.
பறவையை அவளுக்கு முன்னால போட்டன்.
மணந்து பார்த்தாள்.
ஒருக்காத் தும்மினாள்.