உப்பு

கரும்பலகையில் நாலே வரி,
நாலும் பிரெஞ்சு.
'கப்ரி மசாலே' பாதி புரிந்தது.
'ப்ரெத் முரூங்' என்பதை
வாய்க்குள் இரண்டு முறை உருட்டினேன்.
அட, முருங்கைக்கீரை.

கீரை தின்னவா சாந்தாந்த்ரே வரை?
ஆட்டையே காட்டினேன்.

எழுதிக்கொண்டவள்
மஞ்சள் கயிறு கட்டிய மணிக்கட்டைத் தட்டி
'கரேம்' என்றாள்.
தீர்ந்துவிட்டது போல என்று எழப் போனேன்.
சட்டையில் 'வல்லியாமே' என்று
பெயர் தைத்திருந்த பக்கத்து மேசைக்காரர்
ஒரு கையை மேசைமேல் விரித்து, ஊதி,
மறுகை விரல்களை அதன்மேல்
நிதானமாக நடக்கவிட்டார்.

தீமிதி. விரதம்.
காலையிலிருந்து கறி கிளறியவள்
நாக்கில் வைக்கவில்லை.

தட்டு வந்தது.
ஓரத்தில் கேட்காத கீரை.
அவள் நகரவில்லை.

முதல் கவளத்தை மென்று,
சொல்லத் தெரியாமல்,
கட்டைவிரலையும் சுட்டுவிரலையும்
துளி இடைவெளியில் காட்டினேன்:
இன்னும் இத்தனை.

என் தட்டை அப்படியே விட்டு
அண்டாவிடம் ஓடினாள்.