கொட்டிவாக்கம் போர்த் தண்ணீர்

வீட்டுக் குழாயில் பிடித்து
மூடி இறுகாத ஜூஸ் பாட்டிலில் அடைத்து
தரமணி வரை கொண்டுவந்தேன்.
கைப்பைக்குள் கொஞ்சம் கசிந்து
சம்பளச் சீட்டின் ஓரம் வெள்ளையாகக் காய்ந்திருந்தது.
மீட்டர் நாலு புள்ளி ஆறு காட்டியது.
"இதையா குடிக்கிறீங்க?" என்றாள் பெனாசிர்.
குளிக்கிறோம்.
கறிவேப்பிலைக்கு ஊற்றுகிறோம்.

இருட்டறை.
முளைத்து மூன்று நாளான பச்சைப்பயறு,
அதன் வேரில் ஒரே ஒரு மயிர்.
டெட்ராசைக்ளின் வகையில் ஒரு சொட்டு விட்டால்
சவ்வில் கால்சியம் எங்கே பிடித்திருக்கிறதோ
அங்கே போய்த் தானும் பிடித்துக்கொள்ளும்.
ஊதா வெளிச்சத்தில் மஞ்சளாய்க் காட்டிக்கொடுக்கும்.

சவ்வு சுவரல்ல. எண்ணெய்.
இரண்டு மூலக்கூறு கனத்தில்
நிலைகொள்ளாமல் நெளியும் எண்ணெய்.
அதன் வெளிமுகமெங்கும் எதிர்மின்,
ஒன்றுக்கொன்று ஆகாது.
கால்சியம் நடுவில் நின்று
இந்தப் பக்கம் ஒரு கை
அந்தப் பக்கம் ஒரு கை
பிடித்துக்கொள்வதால்
உள்ளே இருப்பது உள்ளே இருக்கிறது.

சோடியத்துக்கு ஒரு கைதான்.
கெட்டதல்ல அது, கூட்டம்.
எட்டேகால் வேளச்சேரி ரயிலில்
யாரும் யாரையும் தள்ளுவதில்லை;
கதவோரம் நின்றவர் மட்டும்
இறங்க வேண்டாத ஸ்டேஷனில்
பிளாட்பாரத்தில் நிற்பார்.
அறிக்கையில் இந்த வரியை
வர்கீஸ் சார் சிவப்பு மையால் அடித்தார்.
சரிதான்.
ரயிலை விட்டவருக்கு அடுத்த ரயில் உண்டு.

பாட்டில் தண்ணீரை விட்டேன்.
மூன்றாம் நிமிடம் ஒன்றுமில்லை.
ஐந்தில், என் கண்தான் பழகிவிட்டதோ என்றிருந்தது.
பத்தில் மங்கியிருந்தது.
அணையவில்லை.
மங்கியிருந்தது.
பொட்டாசியம் அதற்குள் வெளியே கசிந்திருக்கும்,
அதைப் பார்க்க என்னிடம் சாயமில்லை.
கால்சியம் ஒரு துளி சேர்த்தேன்.
முக்கால்வாசி திரும்பி வந்தது.

பெனாசிர் டீக்குப் போன நேரம்
அவள் கைக்கண்ணாடியை எடுத்து
புற ஊதா விளக்குக்கு நேரே வாயைத் திறந்தேன்.
நாலு வயதில், குரோம்பேட்டையில்
மாதம் தவறாமல் காய்ச்சல் எனக்கு.
டாக்டர் எழுதித் தந்தது இதே வகை, இனிப்பாக இருக்கும்.
பால்பல் விழுந்து முளைத்ததெல்லாம் பழுப்பு.
பள்ளிப் போட்டோ எதிலும் நான் சிரிக்கவில்லை.
வெளிச்சம் பட்டுப் பட்டு
முன்பற்கள் ஒன்றும் சொல்லாமல் இருந்தன.
கடைவாய் மஞ்சளாய் எரிந்தது.
நாற்பத்தோரு வருடம்.
எத்தனை ஊறுகாய், எத்தனை கண்ணீர்.
பயறோ பத்தே நிமிடத்தில் விட்டுவிட்டது.

ஞாயிறு, அசோசியேஷன் கூட்டம்.
அறுபதடியில் உப்பு என்பதால்
இருநூற்றைம்பது போவோம் என்றார் செயலாளர் ஜெயசிங்.
வீட்டுக்குப் பதினெட்டாயிரம்.
கடல் எத்தனை அடி என்று ஒருவரும் கேட்கவில்லை.
கேட்கத் தெரிந்த நானும்
ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டேன்.

மூன்றாம் மாடியில்
போன வருடத்து ஃபால்ஸ் சீலிங்கைப் பிரித்து
வேறு டிசைன் போடுகிறார்கள்.
லிஃப்ட் பக்கம் மூட்டை மூட்டையாக
உடைந்த ஜிப்சம் பலகை.
ஒரு துண்டை எடுத்துக் காகிதத்தை உரித்தேன்.
பெயிண்டைச் சுரண்டினேன்.
பூரிக்கட்டையால் நொறுக்கி
ஓரம் கருகிய கறிவேப்பிலைத் தொட்டியில்
இரண்டு பிடி போட்டுக் கிளறினேன்.
"செடிக்கு சீலிங்கா மேடம்?" என்றார்
வாட்ச்மேன் லோகிதாசன்.
வாய்விட்டுச் சிரித்தேன்.
அதே குழாயைத் திறந்து
அதே தண்ணீரை
மேலே ஊற்றினேன்.