எழுபத்தொரு சதவீதத்தில்

க்லைபேடா துறைமுகம், கிடங்குகளுக்குப் பின்னால்
குளிரூட்டி இரைகிற சின்ன அறை.
வெளியே பால்டிக் காற்று சும்மா தருகிற குளிரை
உள்ளே மின்கட்டணம் கட்டி வாங்குகிறோம்.

எடைமேடை இயந்திரத்தை இடம் மாற்ற வேண்டும்.
இயந்திரம் என்றால் இரும்பு அல்ல,
ஒரு சர்வருக்குள் இருந்துகொண்டு
தானே ஒரு சர்வர் என்று நம்புகிற ஒன்று.
அது அறியாமல் அதைப் பெயர்க்க வேண்டும்,
தூங்குகிற குழந்தையைக் கட்டில் மாற்றுவதுபோல.
இல்லை, இது தூங்கவில்லை.
பேசிக்கொண்டே இருக்கிறது, எழுதிக்கொண்டே இருக்கிறது.
நான்கு மணிக்கு ஸ்வீடன் கப்பல்.
லாரிகள் இதனிடம் எடை கேட்டுவிட்டுத்தான் ஏறும்.

முதல் முறை எழுபத்தொன்றில் நின்றது.
‘வட்டுப் பிழை’ என்றது.
எந்த வட்டு என்று சொல்லவில்லை.

விகிந்தாஸ் புது சர்வரைச் சந்தேகப்பட்டான்.
வீட்டில் எது காணாமல் போனாலும்
புதிதாக வந்தவள் பெட்டியைத்தானே முதலில் திறப்பார்கள்.
இடம் போதுமா என்று பார்த்தோம். போதும்.
பூட்டு எதுவும் விழுந்திருக்கிறதா? இல்லை.
கேபிளைப் பிடுங்கி, ஊதி, மறுபடி செருகினான்.
ஊதியதில் அறிவியல் ஏதும் இல்லை.
ஜிட்ரூனாஸ் போனில்
“இன்னொரு முறை போட்டுப் பாரேன், ஸ்கிர்மன்தே” என்றார்,
படுக்கையில் இருந்து.

போட்டுப் பார்த்தேன்.
அறுபத்தொன்பது. எழுபது.
எழுபத்தொன்று.

கேபிள் கெட்டால் கண்ட இடத்தில் அறும்.
ஒரே இடத்தில் தடுக்கினால்
கல் நம் வாசலில்தான் கிடக்கிறது.

பழைய சர்வரின் பதிவேட்டைத் திறந்தேன்.
அங்கே இருந்தது, ஒரு வரி, இரண்டு முறை,
ஒரே எண்: படிக்க முடியாத ஒரு துண்டு.
நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு பைட்.
இரட்டை வட்டில் ஒன்று மார்ச்சில் செத்தது.
மாற்று வாங்கும் கோப்பு இன்னும்
யாரோ ஒருவரின் கையெழுத்துக்குக் காத்திருக்கிறது.
இருந்த ஒற்றை வட்டு
தனக்குள் ஒரு குழியை வைத்துக்கொண்டே
இத்தனை காலம் ஒழுங்காக வேலை பார்த்திருக்கிறது.
பொய் சொல்லவில்லை.
அந்தப் பக்கத்தை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.
குடி பெயரும்போதுதான்
எல்லா அலமாரியையும் திறக்கிறோம்.

மணி இரண்டே முக்கால்.

குழி எந்தக் கோப்பில் என்று தேடினேன்.
பதினான்கு வருடத்துக்கு முந்தைய நவம்பரின் ஓர் இரவு.
எடைப் பட்டியல்.
லாரி எண், நேரம், கிலோ.
காப்புப் பிரதி?
அதற்குள் போனால், அந்தக் கோப்பு வரும்போதெல்லாம்
‘தாண்டிச் செல்லப்பட்டது’ என்று எழுதிவிட்டு
ஒவ்வொரு ஞாயிறும் பச்சை விளக்குக் காட்டியிருக்கிறது.

இருபது முறை படிக்கச் சொன்னோம்.
இருபது முறையும் வட்டு மூச்சைப் பிடித்து,
தலையைத் திரும்பத் திரும்ப அதே இடத்தில் வைத்து,
மாட்டேன் என்றது.
“பூஜ்யம் எழுது” என்றான் விகிந்தாஸ்.
அவன் குரலில் ஒன்றும் இல்லை. பசி மட்டும்.

எழுதினேன்.
முன்னும் பின்னும் இருந்த வரிகளைப் பார்த்தேன்:
23:52க்கு ஒரு லாரி, 18,340 கிலோ.
அடுத்தது 01:37.
நடுவில் நாற்பதோ ஐம்பதோ லாரிகள்
அந்த இரவு வரவே இல்லை இனிமேல்.
மரமோ, மீனோ, வெறும் வண்டியோ.
ஓட்டியவர்கள் எங்கோ இருப்பார்கள்.
அவர்களுக்கு இதனால் எதுவும் குறையாது.
எனக்கும் குறையாதுதான்.
ஆனாலும் பதிவேட்டில் என் பெயர் போட்டு எழுதி வைத்தேன்:
இங்கே ஒரு குழி இருந்தது, மூடியது நான்.

மூன்றாவது முறை.
எழுபத்தொன்றை அது
கவனிக்காமல் கடந்தது.
நூறு. கடைசியில் ஒரு நிறுத்தம்,
நாற்பத்து மூன்று மில்லி நொடி.
கண் இமைக்க அதைவிட நேரமாகும்.

நான்கு மணி ஆறு நிமிடம்.
முதல் லாரி மேடை ஏறியது.
எடையைச் சொன்னது இயந்திரம்,
எங்கே இருந்து சொல்கிறோம் என்று தெரியாமல்.

விகிந்தாஸ் கம்பு ரொட்டியைப் பிய்த்துப் பாதி கொடுத்தான்.
மென்றுகொண்டே
வட்டு வாங்கும் கோப்பை
ஐந்தாவது முறையாக அனுப்பினேன்.