புகார் எண் முப்பத்தொன்று

புகார்ப் பெட்டியின் சாவி என்னிடம் இருக்கிறது.
திங்களும் வியாழனும் திறப்பேன்.
பச்சைப் பெட்டி, பெரிய பூட்டு.
யார் வந்து போடுகிறார்கள் என்று
காவலருக்குத் தெரியும்படி
அவர் கூண்டுக்குப் பக்கத்திலேயே மாட்டியிருக்கிறார்கள்.
இதைத்தான் முதல் புகாராக எழுதிப் போட்டேன்,
இடது கையால்.
பதினான்கு நாளில் பதில் வந்தது, ஒப்பந்தப்படி:
‘பரிசீலனையில் உள்ளது.’
பதிலைத் தட்டச்சு செய்ததும் நான்தான்.

இந்தப் பள்ளத்தாக்கில் பூமி
தையல் விட்ட துணி.
இரண்டாயிரம் மீட்டர் கீழே கொதிப்பது
குழாய் வழியே ஏறி வந்து
நைரோபியில் யாரோ ஒருவர் சட்டையை இஸ்திரி போடுகிறது.
கரி இல்லை, சாம்பல் இல்லை, நல்ல மின்சாரம் என்கிறார்கள்.
நல்லதுதான். சம்பள நாளில் நானும் சொல்கிறேன்.

கிணற்றைத் திறந்து சோதிக்கும் இரவுகளில்
மாடுகள் படுப்பதில்லை.
அழுகிய முட்டை வாடை பாலில் ஏறுகிறது என்று
நன்யோக்கியே மூன்று முறை வந்து சொன்னாள்.
கருவி வைத்து அளந்தார்கள்.
அனுமதித்த அளவுக்குள் இருந்தது வாடை.
அவள் மூக்குதான்
அனுமதித்த அளவுக்கு வெளியே.

ஒன்று மட்டும் ஒழுங்காக நடந்தது.
சரணாலயத்து ஒட்டகச்சிவிங்கிகள் கடந்து போக
நீராவிக் குழாயை வளைத்து மேலே தூக்க வேண்டும்;
எவ்வளவு உயரம் என்று பார்க்க
பொறியாளர் நியாபோகா ஏணியோடு வந்தார்.
ஏணி நின்றது, ஒட்டகச்சிவிங்கி நிற்கவில்லை.
ஓலே சங்காலே தன் தடியை நீட்டி
‘இதுபோல் நான்கு’ என்றார்.
ஆறு மீட்டர். இன்றைக்கும் அவை
கழுத்தைத் தாழ்த்தாமல் போகின்றன.

எங்கள் மந்தைக்கும் ஒரு வழி கேட்டோம்.
மாடு, பாதுகாக்கப்பட்ட உயிரினங்களின்
பட்டியலில் இல்லையாம்.

பெட்டியில் வருவதெல்லாம் இப்படித்தான்:
மாற்றிக் கொடுத்த வீட்டின் சுவரில் விரிசல்,
பள்ளிக்கூடம் இருக்கிறது ஆசிரியர் இல்லை,
பட்டா எங்கே,
பட்டா எங்கே,
ஒரு தாளில் வெறும் கைரேகை, ஐந்து விரலும்.

ஏப்ரலில் ஒரு வியாழன்
தாளே இல்லை. அடியில் கிடந்தது
மஞ்சள் பிளாஸ்டிக் வில்லை ஒன்று.
பாறு கழுகின் சிறகில் ஆராய்ச்சிக்காரர்கள் மாட்டும் எண்.
கருகிய இறகு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

படிவத்தை எடுத்தேன்.
புகார்தாரர்: பாறு கழுகு.
முகவரி: செங்குத்துப் பாறை, கிழக்கு முகம்.
பாதிக்கப்பட்ட சொத்து: சிறகு. இடது.
கோரும் நிவாரணம் என்ற கட்டத்தை
காலியாக விட்டால் கணினி ஏற்காது.
ஒரு புள்ளி வைத்தேன்.

‘என்ன விளையாட்டு ரெசியாட்டோ?’ என்றார் மேலாளர் ஓங்கேரி.
‘பெட்டியில் விழுந்தது ஐயா.
விழுந்ததற்கு எண் போட வேண்டும். பிரிவு ஒன்பது.’
கடன் கொடுத்த வங்கிக்காரர்கள் மே மாதம் வருகிறார்கள்.
அது அவருக்கு நினைவு வந்ததை
அவர் நெற்றியில் பார்த்தேன்.

பன்னிரண்டாம் நாள் லாரி வந்தது.
மூன்றாம் கோபுரத்திலிருந்து ஒன்பதாம் கோபுரம் வரை
கம்பியில் மினுங்கும் தகடுகளைத் தொங்கவிட்டார்கள்.
மீதிக் கோபுரங்களுக்கு அடுத்த நிதியாண்டு.
அதற்குள் கழுகுகள்
மூன்றுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் மட்டும்
பறக்கப் பழக வேண்டும்.

‘தீர்ந்தது’ என்று கோப்பை மூட
புகார்தாரர் கையொப்பம் வேண்டும்.
ஆகவே முப்பத்தொன்று இன்னும் திறந்தே இருக்கிறது;
மாதாமாதம் அறிக்கையில் ஏறுகிறது,
ஓங்கேரி மாதாமாதம் என்னை முறைக்கிறார்.

யார் போட்டது என்று
காவலர் லெசியானைக் கேட்டார்கள்.
பார்க்கவில்லையாம்.
எல்லாரையும் பார்க்கும்படி உட்கார வைத்த மனிதர்.

அவர் பூட்ஸில் வெள்ளைக் கறை.
கழுகுகள் கூடு வைக்கும் பாறைக்கு
நேர் கீழே நின்றால்தான் படியும் கறை.

அதற்கு நான் எண் போடவில்லை.