இடம்புரி

கேக் டப்பாவில் வந்தது,
ஈரத்துணியில் சுற்றி.
பிளேஸ் கிராசியஸ் வாசலைத் தாண்டவில்லை:
"வெர்சோவா உப்பு, பாஸ். கைப்பிடி சுத்தல.
நாரளி பூர்ணிமாவுக்குள்ள வேணும்."
கடல் மூடிக் கிடக்கிற மாதம்.
ஆண்டாப் ஹில் குவார்ட்டர்ஸில், நாலாம் மாடியில்,
தீப்பெட்டிகூட நமுத்திருந்தது.

பகலில் எனக்கு லிஃப்ட் வேலை.
பரேலில் ஒன்று, தாதரில் மூன்று.
கயிறு, உருளை, பிரேக்.
இரவில் அதே சாமான்கள், உள்ளங்கை அளவில்.
தூண்டில் போட்டதில்லை.
மீன் என்பது எனக்கு
சயான் மார்க்கெட்டில் ஐஸ்மேல் படுத்திருப்பது.

இந்த ரீலுக்கு என் வயசைவிடப் பத்து அதிகம்.
பிரெஞ்சு எழுத்து பாதி அழிந்து,
பச்சைப் பெயின்ட் செதில்செதிலாய் உரிந்து,
நரம்பை வாரும் கம்பி வளையம்
மடங்க மறந்து வாய்பிளந்து கிடந்தது.

மண்ணெண்ணெய் ரேஷனில் நின்று எத்தனையோ வருஷம்;
ஸ்கூட்டரிலிருந்து அரை டம்ளர் பெட்ரோல்.
ஐஸ் தட்டின் குழிகளில்
கழற்றிய வரிசையில் திருகுகள்.
மூன்றாம் குழியில் ஒரு வாஷர், முடி கனம்,
தும்மினால் போச்சு.
(தட்டு திரும்பி வராது என்று தெரிந்து
பூரணி புதிசு வாங்கிவிட்டாள்.)

கிரீஸ் கருப்பட்டியாய் இறுகியிருந்தது.
பற்சக்கர இடுக்கில் ஒரே ஒரு செதில்
இன்னும் மினுங்கியது.

நடு நட்டுக்கு வந்தேன்.
ஸ்பானரை வைத்து, வழக்கம்போல் இடப்பக்கம்.
வரவில்லை.
இன்னும் கொஞ்சம்.
கைக்குள் சின்னதாய் ஒரு க்ளுக்.
இருபத்திரண்டு வருஷமாய் எனக்கு அந்தச் சத்தம் தெரியும்.
அது திறக்கிற சத்தமல்ல.

பூரணி எட்டிப் பார்த்தாள்,
ஒன்றும் கேட்காமல் போனாள்.
கை சும்மா இருக்காமல்
நட்டைச் சுற்றிய தட்டைத் துடைத்தது.
கிரீஸுக்கு அடியில், ஊசியால் கீறி, இந்தியில்:
உல்டா குல்தா ஹை.
கீழே தேதி. எண்பத்து மூணு, ஆகஸ்ட்.

இடம்புரி.
சங்கில் அதுதான் சாதாரணம்;
வலம்புரிக்குத்தான் பூஜையும் விலையும்.
இரும்பில் கணக்கு தலைகீழ்.
துடைத்துவிட்டுத் திற என்று
எத்தனை பையன்களிடம் கத்தியிருக்கிறேன்.
கீறியவனும்
உடைத்த பிறகுதான் கீறினானோ என்னவோ.

பிளேஸுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.
அந்தப் பக்கமும் மழை.
எவ்வளவு ஆகும் என்றார்.
என் செலவு என்றேன்.
உடனே சரி என்றார்.

குர்லாவில் முஸ்தகீம் லேத்தில் கடைந்தான்,
பித்தளையில், புரியை எதிராக.
இருநூற்றைம்பது.
"இத்துனூண்டுக்கா?"
"இத்துனூண்டுங்கறதாலதான்."
வளையத்தின் ஸ்பிரிங்குக்கு
சயான் பாலத்தில் காற்று முறித்துப் போட்ட
யாருடையதோ ஒரு குடை.

கடைசியில் டிராக்.
தோல் வட்டுகள் மூன்று, எண்ணெய் தொட்டு.
என் தொழிலில் பிரேக் வழுக்கினால் ஆள் காலி.
இங்கே வழுக்காவிட்டால் நரம்பு அறும்.
இறுக்கி, தளர்த்தி, மறுபடி இறுக்கி
ராத்திரி ஒன்றரை.
என் விரல்களுக்கு
விடுவது பழக்கமில்லை.

பூர்ணிமாவுக்கு மூன்று நாள் முன்பு வந்தார் பிளேஸ்.
கைப்பிடியைச் சுற்றிக் காதோரம் வைத்தார்.
"பெட்ரோல் நாத்தம். மீன் வராது."
பிறகு நரம்பின் நுனியைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு
படியிறங்கினார்.
எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது.

மூன்றாம் மாடி.
நரம்பு சத்தமில்லாமல் உருவிக்கொண்டு போனது.
இரண்டாம் மாடியில் நாய் குரைத்தது.
அடிப்படியில் நின்றிருப்பார், தெரியவில்லை.
கைப்பிடியை ஒரு சுற்று.
வளையம் டக்கென்று மடங்கியது.
குடைக்கம்பி தாங்கிற்று.

அப்போது ஒரு இழுப்பு.
இன்னொன்று, கோபமாக.
வட்டுகள் கர்ரென்று விட்டன,
விட்டபடியே பிடித்தன.
முழங்கை வரை ஏறியது அது.

"டைட்டா இருக்கா?"
இருட்டுக்குள்ளிருந்து கத்தினார்.

பதில் சொல்லவில்லை.
இன்னொரு தரம் இழுக்கட்டும்.