தகப்பன் பத்தி

வேப்பெண்ணெயில் நீலப்பொடி குழைத்து
பொலிகெடாயின் நெஞ்சில் அப்புகிறேன்.
ராத்திரி அவன் எந்த ஆட்டின் மேல் விழுந்தாலும்
காலையில் அதன் முதுகு சொல்லிவிடும்.
நீல முதுகுகளை எண்ணி நோட்டில் ஏற்றுவேன்.
பதினேழாம் நாள் நிறத்தை மாற்றிக் காவி.
நீலத்தின் மேல் காவி விழுந்திருந்தால்
அந்த ஆடு சினை நிற்கவில்லை.

முத்தூருக்கு மேற்கே ஏழு ஏக்கர் கொறங்காடு,
சுற்றிலும் கிளுவை வேலி,
முப்பத்திரண்டு மேச்சேரி ஆடுகளுக்கு
ஒரே ஒரு கெடாய்.
அவனும் ஒன்றரை வருஷந்தான்.
மகள்கள் பருவத்துக்கு வருமுன்
வள்ளியரச்சல் பொங்கியண்ணனிடம் கொடுத்து
அவன் கெடாயை வாங்கிக்கொள்வேன்.
பணம் கிடையாது, கேள்வி மட்டும் உண்டு:
இவனைப் பெத்தது எந்தக் கெடாயோட மகள்?
"ஏப்பா, ஆட்டுக்கும் கூட்டம் கேக்கறயா?"
கேட்காமல்?
காடைக்குள் காடை எடுப்பியா நீ?

முன்பு ஒருத்தன் இருந்தான்,
ரோட்டில் போகிறவன் வண்டியை நிறுத்திப் பார்ப்பான்,
அப்படி ஒரு முதுகு, அப்படி ஒரு நடை.
அவன் மகள்களுக்கு மடியில் பால் இல்லை.
பேரக்குட்டிகள் மூன்று மாசத்தில்
எட்டுக் கிலோவில் நின்றுவிட்டன.
கறிக்குப் போட்டேன்.
ஊரே திட்டியது.
ஊர் தராசு பார்ப்பதில்லை.

ஈத்து முடிந்தால் பொட்டைக்குட்டி அத்தனையும் பட்டியில்.
கெடாய்க்குட்டி பதினைந்தில் ஒன்று தேறும்,
மற்றவை வெள்ளக்கோவில் கடைக்கு.

நேற்று தரகர் வந்தார். அவரிடமும் நோட்டு.
வயசு முப்பத்தெட்டு,
ஆந்தை கூட்டம், ஏழு ஏக்கர்.
தொழில் என்ற இடத்தில்
பேனா மூடியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.
"திருப்பூர்ல கம்பெனின்னு போட்டுக்கட்டுமா மாப்ளே?"
ஆடு என்றே போடுங்கள் என்றேன்.
டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

ஐந்தாம் வகுப்பு போட்டோ இன்னும் இருக்கிறது.
பத்தொன்பது பையன்கள்,
முன்வரிசையில் ரிப்பன் கட்டி ஆறு புள்ளைகள்.
எண்ணத் தெரிந்த வயசுதான்,
யாரும் எண்ணவில்லை.
பொட்டையைக் கழித்துக் கெடாயை நிறுத்துகிற பட்டி
மூன்று ஈத்தில் முடிந்துபோகும்.
ஆட்டுக்காரன் ஒருத்தனும் செய்யமாட்டான்.
எனக்கும் தம்பிக்கும் நடுவில் ஆறு வருஷம்.
அம்மாவிடம் நான் கேட்டதில்லை.
அந்த வருஷங்களைப் பற்றி அவளும்
வாய் திறந்ததில்லை.

இன்று விடிகாலை இருபத்துமூன்றாம் நம்பர் ஈன்றது.
அதன் முதுகில் நீலமும் பார்க்கவில்லை, காவியும் பார்க்கவில்லை,
வயிறு ஏறியபோது தீவனம் என்று நினைத்தேன்.
வேலியில் தெற்கு மூலையில் ஒரு சந்து,
அடைக்க வேண்டும் என்று
ஐப்பசியிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.
குட்டிக்கு நெற்றியில் வெள்ளைக் கீற்று,
மேச்சேரியில் வராத கீற்று.
எழுந்து, விழுந்து, மறுபடி எழுந்து
மடியைத் தானே கண்டுபிடித்துக்கொண்டது.

தாய்: 23.
தகப்பன் பத்தியில் ஒரு கோடு இழுத்தேன்.
பொட்டை.
சாக்கில் போட்டுத் தூக்கினேன்,
மூணு கிலோ நூறு.
கடைசிக் கட்டத்தில் விற்க என்றோ நிறுத்த என்றோ
எழுத வேண்டும்.
பேனா எழுதவில்லை, உள்ளங்கையில் தேய்த்தேன்.
கையெல்லாம் சீம்பால் வாசம்.

நிறுத்து எழுதினேன்:
நிறுத்து.